குரூப்ல பேசாம படிக்கிறவங்க: வாசகர் கேள்வி, பதில்

போன இதழ்ல "வாட்ஸாப் குரூப்ல உங்களுக்கு வந்த தலைவலி என்ன, எழுதுங்க"ன்னு கேட்டிருந்தோம். பெங்களூர் வாசகர்கள் கொட்டித் தீர்த்துட்டாங்க. அபார்ட்மென்ட் குரூப், ஆபீஸ் குரூப், ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப், சொந்தக்காரங்க குரூப்னு எல்லாமே இருக்கு. பேர் போட வேண்டாம்னு முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கறதால ஏரியா மட்டும் போடறேன்.

எங்க அபார்ட்மென்ட் குரூப்ல 400 பேருக்கு மேல இருக்காங்க. ஒரு நாள் காலைல "மறுபடியும் தண்ணி இல்ல, யாராவது பாக்கறீங்களா, எப்பவும் இதே கதைதான்"னு இங்கிலீஷ்ல போட்டேன். ஒருத்தர் கூட பதில் போடல. அன்னைக்கு சாயங்காலம் யாரோ நாய்க்குட்டி படம் போட்டாங்க, அதுக்கு வரிசையா ஹார்ட்டு. நாங்க தமிழ்ங்கறதால ஒதுக்கறாங்களோ?
வாசகி, சர்ஜாபூர் ரோடு

ஒதுக்கறாங்கன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி, அந்த மெசேஜை வேற யாரோ எழுதினதா நினைச்சுக்கிட்டு ஒரு தரம் படிங்க மேடம். எந்த பிளாக், எத்தனாவது மாடி, கிச்சன்ல வரலையா பாத்ரூம்ல வரலையா, இல்ல கழிவுநீரை சுத்தம் பண்ணி ஃப்ளஷ்ஷுக்கு விடற எஸ்டிபி லைன் மட்டும் நின்னுடுச்சா, எப்ப இருந்து, ஆபீஸ்ல சொல்லியாச்சா, இது எதுவுமே அதுல இல்ல. உதவி பண்ணணும்னு நினைக்கறவங்களுக்கே எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. "யாராவது"ன்னு கேட்டா 400 பேரும் வேற யாராவது பாத்துப்பாங்கன்னு போனை கீழ வெச்சுடுவாங்க, அதுல தமிழ் கன்னடம் எல்லாம் கிடையாது. அப்புறம் அந்த "எப்பவும் இதே கதைதான்". அது நேரா போய் குத்தறது அசோசியேஷன்ல சம்பளம் இல்லாம ஓடிட்டு இருக்கற ரெண்டு மூணு பேரை, உங்களுக்கு பதில் சொல்லக்கூடியவங்களும் அவங்கதான்.

அடுத்த தடவை இப்படி எழுதிப் பாருங்க: "பி பிளாக், 7வது மாடி. காலைல 6.15ல இருந்து கிச்சன், பாத்ரூம் ரெண்டுலயும் தண்ணி வரல, ஃப்ளஷ் லைன் வருது. ஃபெசிலிட்டி ஆபீஸ்ல சொல்லிட்டேன், பம்ப் ரூமுக்கு ஆள் போயிருக்கார். 5வது மாடிக்கு மேல வேற யாருக்காவது இதே மாதிரி இருக்கா?" கடைசி வரியை கவனிங்க. அதுக்கு "ஆமா, சி பிளாக் 8"ன்னு ரெண்டு வார்த்தைல பதில் போட்டுடலாம், காபி போட்டுக்கிட்டே போடலாம். தண்ணி வந்ததும் "8 மணிக்கு வந்துடுச்சு, வால்வு பிரச்சனையாம், பாத்த அண்ணனுக்கு தேங்க்ஸ்"னு ஒரு வரி போட்டுடுங்க. இதை நிறைய பேர் செய்யறதே இல்ல, பிரச்சனைய மட்டும் போட்டுட்டு தீர்ந்ததும் காணாம போயிடறாங்க, அடுத்த தடவை அவங்க கூப்பிட்டா மத்தவங்களுக்கு அசதியாத்தான் இருக்கும்.

தண்ணி விஷயம்னாலே 2024 மார்ச் ஞாபகம் வருது. போர்வெல் எல்லாம் வத்திப் போய் டேங்கரை நம்பி நகரமே நின்னுச்சு, குடிதண்ணில கார் கழுவினா 5,000 ரூபாய் ஃபைன்னு வாட்டர் போர்டு அறிவிச்சது, மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு ரேட் கட்டினாங்க, 5 கிலோமீட்டருக்குள்ள 12,000 லிட்டர் வண்டிக்கு 1,000 ரூபாய்னு. அந்த சமயத்துல எத்தனையோ குரூப்ல "கமிட்டி டேங்கர்காரன்கிட்ட கமிஷன் அடிக்குது"ன்னு எழுதி, கமிட்டில இருந்தவங்க ராஜினாமா பண்ணிட்டுப் போய், கடைசில டேங்கருக்கு போன் பண்ணவே ஆள் இல்லாம போச்சு. அதே சந்தேகத்தை "அரசாங்க ரேட் 1,000, போன வார பில்லுல 1,800 இருக்கு, தூரம் அதிகமா இல்ல ஜிஎஸ்டி சேர்த்தா, பில்லை போட முடியுமா"ன்னு கேக்கலாம். இது மென்மையா கேக்கறதுன்னு நினைக்காதீங்க, திருட்டு நடந்திருந்தா இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியாம மாட்டிப்பாங்க. கமிஷன்னு கத்தினா "மரியாதை இல்லாம பேசறாங்க"ன்னு சொல்லி தப்பிச்சுடலாம்.

இன்னொண்ணு, இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போறதும் இதான். குரூப்ல நாம யாருக்கோ பதில் எழுதறதா நினைச்சுக்கறோம். ஆனா அதை நிஜமா படிக்கறது, ஒண்ணும் எழுதாம பாத்துட்டுப் போற முன்னூறு நானூறு பேர். உங்களைப் பத்தியும், நீங்க சொல்ற விஷயத்தைப் பத்தியும், ஏன் தமிழ்க்காரங்களைப் பத்தியும் அவங்க ஒரு அபிப்ராயத்துக்கு வர்றது அந்த நாலு வரியை வெச்சுத்தான். அவங்களை மனசுல வெச்சு எழுதுங்க.

டீம் குரூப்ல ஒரு சீனியர் மேடம் ரிலீஸ் முடிஞ்சதைப் பத்தி போட்டாங்க. நான் "ஆமா ஆமா, நீங்க இல்லன்னா கம்பெனியே இல்ல"ன்னு போட்டேன். நிஜமாவே பாராட்டித்தான் சொன்னேன், கொஞ்சம் கலாட்டாவா. அவங்க அதுக்கப்புறம் என்கிட்ட சரியா பேசறதே இல்ல.
வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

தம்பி, நீங்க எழுதறப்ப உங்க காதுல உங்க குரல் கேட்டுச்சு, அந்த சிரிப்பும் கேட்டுச்சு. அவங்களுக்கு எழுத்து மட்டும்தான் போச்சு. 2005ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லின்னு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்களும் அவங்க கூட்டாளிகளும் இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்க. சில வாக்கியங்களை சீரியஸாவும் சிலதை கிண்டலாவும் ஒருத்தர் அனுப்பணும், எது எதுன்னு எதிராளி கண்டுபிடிக்கணும். அனுப்பினவங்க 78 சதவீதம் சரியா புரிஞ்சுப்பாங்கன்னு நம்பினாங்க. குரல்ல சொன்னப்ப 73 வந்துச்சு. ஈமெயில்ல? 56. சும்மா குத்துமதிப்பா சொன்னாலே பாதி சரியா வந்துடும், அதுக்கு மேல கொஞ்சம்தான். 1982 செப்டம்பர்ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஸ்காட் ஃபால்மன், ரெண்டு புள்ளியும் ஒரு கோடும் ஒரு அடைப்புக்குறியும் சேர்த்து சிரிச்ச முகம் போடலாம்னு யோசனை சொன்னதும் இதே தொல்லைக்காகத்தான், ஜோக்குக்காக எழுதினதை சிலர் நிஜம்னு எடுத்துக்கிட்டாங்க.

அதனால நேர்ல பழக்கம் இல்லாதவங்ககிட்ட, அதுவும் சீனியர்கிட்ட, அதுவும் பத்து பேர் முன்னாடி, கலாட்டா வேண்டாம். இப்ப என்ன பண்ணலாம்னா, அவங்க சீட்டுக்கே போய் "மேடம், அன்னைக்கு நான் பாராட்டித்தான் எழுதினேன், கிண்டல் மாதிரி போயிடுச்சு, சாரி"ன்னு சொல்லிடுங்க. அதோட நிறுத்தாதீங்க. குரூப்ல இருக்கற எல்லாரும் அதை கிண்டலாத்தான் படிச்சிருப்பாங்க, அடுத்து அவங்க ஏதாவது முடிக்கறப்ப எது நல்லா இருந்துச்சுன்னு குறிப்பா ஒரு வரி, சுத்தமான பாராட்டா, அதே குரூப்ல போடுங்க.

அசோசியேஷன் செக்ரட்டரி எல்லாத்தையும் வாய்ஸ் நோட்டா அனுப்பறார். ஒவ்வொண்ணும் நாலு நிமிஷம். எப்படி சொல்றது?
வாசகர், மாரத்தஹள்ளி

தனியா சொல்லுங்க சார், குரூப்ல சொல்லாதீங்க. பெரியவரா இருந்தா டைப் பண்றது அவருக்கு கஷ்டமா இருக்கலாம், கண்ணு சரியா தெரியாம இருக்கலாம். "மெட்ரோல, மீட்டிங்ல இருக்கறவங்களுக்கு கேக்க முடியல சார், அப்புறம் தேடினாலும் கிடைக்க மாட்டேங்குது, நீங்க பேசி அனுப்புங்க, நான் கீழ ரெண்டு வரில டைப் பண்ணி போட்டுடறேன்"னு சொல்லிப் பாருங்க. போன் கீபோர்டுலயே மைக்கை அமுக்கிப் பேசினா தமிழ், கன்னடம் ரெண்டும் எழுத்தா வரும், அதையும் ஒரு நாள் பக்கத்துல உக்காந்து காட்டிக் குடுங்க.

எங்க மாமாவுக்கு 70 வயசுக்கு மேல. வெண்டைக்காய் ஊறவெச்ச தண்ணி குடிச்சா சுகர் மாத்திரையே வேண்டாம்னு ஃபேமிலி குரூப்ல ஃபார்வர்ட் பண்ணினார். நான் "மாமா இதெல்லாம் ஃபேக், படிக்காம ஃபார்வர்ட் பண்ணாதீங்க"ன்னு போட்டேன். குரூப்பை விட்டே போயிட்டார். அம்மா என்னை திட்டறாங்க. பொய்யை பொய்னு சொல்லக்கூடாதா?
வாசகி, மல்லேஸ்வரம்

சொல்லியே ஆகணும். இதை விட்டுட்டுப் போற சமாசாரமா நினைக்கவே கூடாது, ஏன்னா அந்த குரூப்ல ஒண்ணும் எழுதாத ஒரு அத்தையோ சித்தப்பாவோ இருப்பாங்க, மாத்திரை சாப்பிட்டு அலுத்துப் போனவங்க, நாளைக்கு காலைல இருந்து நிறுத்திடுவாங்க, யார்கிட்டயும் சொல்லவும் மாட்டாங்க. சுகர் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம்தான் நமக்கு தெரியும். அதனால உங்க அக்கறை நூத்துக்கு நூறு சரி.

ஆனா உங்க மெசேஜ்ல வெண்டைக்காயைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. "படிக்காம"ன்னு இருக்கு. அக்கா தங்கச்சி, மருமகப்பிள்ளைங்க, பேரப்பசங்க எல்லாரும் பாத்துட்டு இருக்கற எடத்துல, வீட்டுக்கே மூத்தவரை படிக்காதவர்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அத்தைக்கு வேண்டிய தகவல் போய்ச் சேரல, மாமாவுக்கு அவமானம் மட்டும் போய்ச் சேர்ந்துச்சு.

முதல்ல போன் பண்ணுங்க, மெசேஜ் வேண்டாம், போன். "மாமா, எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்னுதான் அனுப்பினீங்க, எனக்கு தெரியும், நான் சொன்ன விதம் தப்பு. ஆனா அத்தை மாத்திரைய நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு, டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தாதீங்கன்னு நீங்களே ஒரு வரி போட்டீங்கன்னா எல்லாரும் கேப்பாங்க." அவர் போட்டா அதுக்கு இருக்கற மதிப்பே வேற. அவர் போடலன்னா நீங்க போடுங்க, அவர் பேரை இழுக்காம: "வெண்டைக்காய் தண்ணியைப் பத்தி ஒரு ஃபார்வர்ட் சுத்துது. காய் நல்லதுதான், தாராளமா சாப்பிடலாம். ஆனா மாத்திரையை, இன்சுலினை டாக்டர் சொல்லாம யாரும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்." அவ்வளவுதான் வேணும்.

மாமாகிட்ட சமாதானம் ஆனப்புறம் ஒரு விஷயத்தை காட்டிக் குடுங்க. ஃபார்வர்ட் ஆன மெசேஜுக்கு மேல ரெண்டு அம்புக்குறி இருந்தா, அது அஞ்சு கை, இல்ல அதுக்கும் மேல மாறி மாறி வந்திருக்குன்னு அர்த்தம், எழுதினது யாருன்னே யாருக்கும் தெரியாது. 2020 ஏப்ரல்ல இருந்து அந்த மாதிரி மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு எடத்துக்கு மேல அனுப்ப முடியாதபடி வாட்ஸாப்பே கட்டுப்பாடு வெச்சிருக்கு. ரெண்டு அம்புக்குறிய பாத்தா முதல்ல உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க, நீங்க பாத்து சொல்றேன்னு சொல்லுங்க. பெரியவங்களுக்கு அது பிடிக்கும், பிள்ளைங்க போன் பண்ண ஒரு சாக்கு கிடைக்குதுல்ல.

அபார்ட்மென்ட் குரூப்ல நாங்க அஞ்சு தமிழ் குடும்பம். எங்களுக்குள்ள தமிழ்ல பேசிக்கிட்டா மத்தவங்க முகம் சுளிக்கறாங்க. இது நியாயமா?
வாசகி, முருகேஷ்பாளையா

எல்லாருக்கும் பொதுவான குரூப்ல, எல்லாருக்கும் பொதுவான விஷயத்தை, அதிகம் பேருக்குப் புரியறதுலதான் பேசணும் மேடம். லிஃப்ட் ரிப்பேர் பத்தி நீங்க அஞ்சு பேரும் தமிழ்ல முடிவு பண்ணிட்டா, மீதிப் பேருக்கு தங்களைப் பத்தித்தான் ஏதோ பேசறாங்கன்னு தோணும். பொங்கலுக்கு என்ன சமையல்னு பேச தனியா ஒரு சின்ன குரூப் வெச்சுக்குங்க. பொதுவுல ரெண்டு வரி கன்னடம் எழுதப் பழகுங்க, "நீரு பர்த்தா இல்லா, ஸ்வல்ப நோடி" (தண்ணி வரல, கொஞ்சம் பாருங்க)ன்னு தப்பும் தவறுமா எழுதினாக்கூட போதும். எழுத்து தெரியலன்னா இங்கிலீஷ் எழுத்துல எழுதுங்க. அதுக்கு இந்த ஊர்ல கிடைக்கற மரியாதை ரொம்பப் பெருசு.

2023 செப்டம்பர்ல காவிரி பந்த் நடந்தப்ப எங்க லேஅவுட் குரூப்ல ஒருத்தர், "இங்க இருந்துக்கிட்டு அங்க தண்ணி விடச் சொல்றவங்க மூட்டையைக் கட்டட்டும்"னு கன்னடத்துல எழுதினார். எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, டிஎம்சி கணக்கு எல்லாம் வரிசையா போட்டேன். அவர் போட, நான் போட, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போச்சு. இன்னைக்கு வரைக்கும் என் முகத்தைப் பாக்கறதில்ல. எங்க பசங்க ஒரே வேன்லதான் ஸ்கூல் போறாங்க. நான் சொன்ன கணக்கு ஒண்ணுகூட தப்பு இல்ல, வேணும்னா செக் பண்ணிக்குங்க.
வாசகர், கே.ஆர்.புரம்

செக் பண்ண வேண்டியதே இல்ல சார், நம்பறேன். 2018 பிப்ரவரி 16 தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு, எல்லைல தண்ணி அளக்கற எடமான பிலிகுண்டுலுல 177.25 டிஎம்சி, கர்நாடகாவுக்கு முன்ன இருந்ததை விட 14.75 டிஎம்சி கூட, அதுல 4.75 பெங்களூர் குடிதண்ணிக்குன்னு இருக்கு. இதைத்தான் போட்டிருப்பீங்க. ஆனா அவர் கேட்டது கணக்கு இல்லையே சார். நீ இந்த ஊர்க்காரனா இல்லையான்னு கேட்டார். அதுக்கு டிஎம்சில பதில் சொன்னா, "பாத்தியா, அந்தப் பக்கத்துக்கு வக்காலத்து வாங்கறான்"னுதான் படிக்கறவங்களுக்கு தோணும். நீங்க சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரியா இருக்க இருக்க, நீங்க இன்னும் வெளியூர்க்காரரா ஆகிட்டே போனீங்க.

அன்னைக்கு அந்த குரூப்ல யார் யார் பேசாம படிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு யோசிங்க. உங்களை மாதிரி நாலு தமிழ்க் குடும்பம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு. 2016 செப்டம்பரை பாத்தவங்க அவங்க. அப்ப ஃபேஸ்புக்ல போட்ட ஒரு பதிவுக்காக ஒரு தமிழ் மாணவரை இங்க பிடிச்சு அடிச்சாங்க, அந்த வீடியோ பரவுச்சு, தமிழ்நாட்டுல கர்நாடகாக்காரங்களை தாக்கினாங்க, அந்த வீடியோவும் பரவுச்சு, 12ம் தேதி பெங்களூர்ல பஸ்ஸுங்க எரிஞ்சு ஊரடங்கு போடற அளவுக்குப் போச்சு. போன்ல சுத்தின விஷயம் எப்படி தெருவுக்கு வரும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். இன்னொரு பக்கம், அந்த மனுஷன் எழுதினதைப் பாத்து கூசிப்போன கன்னடக் குடும்பங்க நிச்சயமா இருந்திருக்கும், உங்க வீட்டுக்கு யுகாதிக்கு ஒப்பட்டு குடுத்து விடறவங்க. நீங்க ஒரே ஒரு வரி, அமைதியா, கன்னடத்துல போட்டு நிறுத்தியிருந்தா, அவங்கள்ல ஒருத்தர் "சார், இது நம்ம குரூப்புக்கு வேண்டாம்"னு சொல்லியிருப்பார். நாற்பது மெசேஜ் சண்டை ஆனப்புறம் அவர் வாயைத் திறந்தா எதிராளி பக்கம் போனவர்னு ஆயிடும், அதனால அவரும் பேசாம இருந்துட்டார்.

அந்த ஒரு வரி என்னன்னா, "நாவூ இதே நீரு குடியோது சார், ஈ விஷய இல்லி பேடா." நாங்களும் இதே தண்ணியைத்தான் குடிக்கறோம் சார், இந்த விஷயம் இங்க வேண்டாம். அதுல பொய் ஒண்ணும் இல்ல. 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் பண்ணி ஏத்திக் கொண்டு வர்ற அதே காவிரித் தண்ணிதான் அவர் வீட்டு சம்ப்புலயும் உங்க வீட்டு சம்ப்புலயும் விழுது. அந்த வரியைப் போட்டுட்டு போனை இன்னொரு ரூம்ல வெச்சுடணும். அவர் இன்னும் பத்து போடட்டும், படிக்கறவங்களுக்கு யார் எப்படின்னு தெரிஞ்சுடும். மிரட்டற மாதிரி ஏதாவது வந்தா அட்மினுக்கு தனியா அனுப்புங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க, ஆனா அதை தமிழ்நாட்டுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க, அங்க அது வேற ரூபம் எடுத்துடும்.

ராத்திரி ஒரு மணிங்கறதையும் கவனிங்க. இன்டர்நெட் வீட்டுக்கு வீடு வர்றதுக்கு முன்னாடியே, 1995 அக்டோபர்ல, இன்டல் கம்பெனியைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855ங்கற நடத்தை விதிகள்ல, உணர்ச்சிவசப்பட்டு எழுதற பதிலை ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கன்னு இருக்கு. அன்னைக்கு மோடம் வெச்சு மெயில் அனுப்பினவங்களுக்கே அது தேவைப்பட்டிருக்கு, கட்டில்ல படுத்துக்கிட்டு கட்டைவிரல்ல எழுதற நமக்கு சொல்லவே வேண்டாம். இப்ப 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாள் வரைக்கும் நீக்கலாம்னு வசதி இருக்கு, இருந்தும் ராத்திரி முழிச்சிருந்து படிச்சவங்க மனசுல இருந்து எதை நீக்கறது?

இனிமே என்ன பண்றதுன்னுதான உங்க கவலை. மெசேஜ்ல சமாதானம் பேசாதீங்க. வேன் வர்ற நேரத்துக்கு நீங்களே பையனை விடப் போங்க, அவரும் வந்திருந்தா "நமஸ்காரா சார்"னு சொல்லுங்க, பதில் வரலன்னாலும் மறுநாளும் சொல்லுங்க. நவம்பர் 1, கர்நாடகா உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு லேஅவுட்ல கொடி ஏத்துவாங்கல்ல, குடும்பத்தோட போய் நில்லுங்க. காவிரியைப் பத்தி அவர்கிட்ட பேசவே வேண்டாம், அது நீங்க ரெண்டு பேரும் தீர்க்கற வழக்கு கிடையாது. அல்சூர் ஏரிக்கரைல திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்துச்சு, 2009 ஆகஸ்ட் 9ம் தேதி திறந்தாங்க, நாலே நாள்ல சென்னைல கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலையைத் திறந்தாங்க. ரெண்டு முதலமைச்சரும் நேர்ல வந்து நின்னுதான் அது நடந்துச்சு. உங்க விஷயமும் நேர்ல நின்னாத்தான் சரியாகும் சார்.

நான் மூணு குரூப்புக்கு அட்மின். யாராவது தப்பா போட்டா என்னை போலீஸ் பிடிக்குமா?
வாசகர், காக்ஸ் டவுன்

வேற ஒருத்தர் போட்டதுக்காக, அட்மின்ங்கற ஒரே காரணத்துக்காக உங்களை குத்தவாளி ஆக்க முடியாதுன்னு 2021ல பாம்பே ஹைகோர்ட் நாக்பூர் பெஞ்ச் சொல்லியிருக்கு, 2022ல கேரளா ஹைகோர்ட்டும் அதையே சொல்லுச்சு. ஆனா நீங்களும் அதுல கூட்டுன்னு தெரிஞ்சா கதை வேற. ஆன்லைன்ல எழுதறதுக்காக ஐடி சட்டத்துல இருந்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24ம் தேதி சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அதை வெச்சு இனி எதுவும் எழுதலாம்னு சிலர் சொல்றாங்க, அப்படி இல்ல. ரெண்டு தரப்புக்குள்ள பகையைத் தூண்டினா, ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட பிரிவு 196, அவதூறுக்கு 356, ரெண்டும் வாட்ஸாப்புக்கும் பொருந்தும்.

சட்டத்தை விட நீங்க செய்யவேண்டியது சாதாரண விஷயம்தான். குரூப் எதுக்குன்னு டிஸ்கிரிப்ஷன்ல நாலு வரி எழுதி வைங்க. மோசமா ஏதாவது வந்தா அட்மினே நீக்கலாம், நீக்கிட்டு ஏன்னு தனியா அவருக்கு சொல்லுங்க, "யாரோ ஒருத்தர்"னு குரூப்ல ஜாடைமாடையா பேசாதீங்க. சூடு ஏறினா அட்மின் மட்டும் அனுப்பற மாதிரி ஒரு ராத்திரிக்கு மாத்தி வெச்சுட்டு, காலைல திறந்து விடுங்க. உங்க நெருங்கின ஃபிரெண்டு தப்பா எழுதினாலும் இதே மாதிரி செய்யணும். அங்கதான் பல அட்மினுங்க சறுக்கறாங்க, அங்க சறுக்கிட்டா அப்புறம் யாரும் மதிக்க மாட்டாங்க.

எங்க டவர் குரூப்ல ஒரு மேடம், வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு போட்டோவைப் போட்டு "வளையல் காணோம், இவளை யாரும் வேலைக்கு வெச்சுக்காதீங்க"ன்னு எழுதினாங்க. அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கும் வர்றா. நாலு வீட்டுல உடனே நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு மெத்தைக்கு அடியில வளையல் கிடைச்சுடுச்சாம். "கிடைச்சுடுச்சு, தேங்க்ஸ் ஆல்"னு ஒரு வரி போட்டாங்க, அவ்வளவுதான். எல்லாரும் கைகூப்பற படம் போட்டாங்க. எனக்கு தூக்கம் வரல. நான் என்ன செய்யணும்?
வாசகி, ஒயிட்ஃபீல்டு

நல்லவேளை எழுதினீங்க மேடம். வந்ததுலயே என்னை ரொம்ப பாதிச்ச கடிதம் இதுதான்.

குரூப்ல நமக்குள்ள நடக்கற சண்டைல ரெண்டு பக்கமும் பதில் சொல்ல வாய் இருக்கு. இங்க அந்தப் பொண்ணு குரூப்லயே இல்ல. தன் போட்டோ போனதே அவங்களுக்கு முதல்ல தெரிஞ்சிருக்காது, காலைல வேலைக்கு வந்தப்ப ஒவ்வொரு கதவா "நாளைல இருந்து வேண்டாம்மா"ன்னு சொல்லியிருப்பாங்க, காரணம்கூட சொல்லியிருக்க மாட்டாங்க. திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்து இங்க வீட்டு வேலை பாக்கற நம்ம பெண்கள் எத்தனையோ பேர் இருக்காங்க, ஒரு டவர்ல பேர் கெட்டா பக்கத்து டவர்லயும் வேலை போயிடும், ஏன்னா அந்த போட்டோவை அங்க இருக்கறவங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பாங்க. "கிடைச்சுடுச்சு"ங்கற வரி அங்க எல்லாம் போகாது. அதுல அவங்க பேரும் இல்ல, மன்னிப்பும் இல்ல. முதல் மெசேஜை பாத்துட்டு ரெண்டாவதை பாக்காதவங்க அந்தப் பொண்ணை இன்னும் திருடின்னே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க.

அந்த மேடம்கிட்ட முதல்ல தனியா, முடிஞ்சா நேர்ல போய் பேசுங்க. குரூப்ல கேட்டீங்கன்னா அவங்க தன்னைக் காப்பாத்திக்கத்தான் பாப்பாங்க, நமக்கு வேண்டியது அந்தப் பொண்ணுக்கு வேலை திரும்பி வர்றது. எழுதறதுக்கு சங்கடப்படுவாங்க, அதனால நீங்களே எழுதிக் கொண்டு போங்க: "போன வாரம் நான் போட்டோ போட்டு எழுதினது தப்பு. வளையல் என் வீட்டுலயே இருந்துச்சு. அவங்க எதையும் எடுக்கல. அவங்ககிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டுட்டேன். என் மெசேஜை பாத்து நிறுத்தினவங்க தயவுசெஞ்சு திரும்பக் கூப்பிடுங்க, வெளிய அனுப்பினவங்க இதையும் அனுப்பிடுங்க." இதுல ஒரு வரிகூட குறையக்கூடாது, "மன்னிப்பு கேட்டுட்டேன்"ங்கறது நிஜமாவும் நடந்திருக்கணும். மேடம் மறுத்தா கமிட்டிகிட்ட போங்க. ஒருத்தரை ஆதாரம் இல்லாம திருடின்னு நூறு பேர் முன்னாடி எழுதறது 356ல வரக்கூடிய அவதூறு, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு, அதை மிரட்டலா இல்லாம தகவலா சொல்லுங்க. நிஜமாவே நகை காணாம போனா போலீஸ் ஸ்டேஷன் இருக்கு, வேலை பாக்கறவங்க போட்டோ குரூப்ல வரவே கூடாதுன்னு டிஸ்கிரிப்ஷன்லயே எழுதச் சொல்லி கமிட்டிகிட்ட கேளுங்க. செக்யூரிட்டி, டிரைவர், டெலிவரி பசங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

மேடத்தோட பதிலுக்காக காத்திருக்காம, நிறுத்தின நாலு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணிடுங்க. கேட் ஆப்ல அவங்க என்ட்ரியை யாராவது நிறுத்தி வெச்சிருந்தா அதையும் செக்யூரிட்டி ஆபீஸ்ல சொல்லி திறக்க வைங்க. உங்க வீட்டுக்கு வர்றப்ப உக்கார வெச்சு நடந்தது எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லுங்க, யார் என்ன எழுதினாங்க, நீங்க என்ன செய்யறீங்கன்னு. இந்த வாரத்துக்குள்ள செய்யணும் மேடம், மாசம் பொறந்தா நாலு வீட்டு சம்பளம் அவங்க கைக்கு வராது.